பீரோவிலிருந்து மேசைக்கு: நன்கொடையாக வந்த ரோபாட்டிக்ஸ் கருவிகள்

முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் அறிவியல் ஆய்வகப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அன்று, இருப்புப் பதிவேட்டையும் பீரோவையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் 'ரோபாட்டிக்ஸ் கிட் – 10 எண்ணம், நன்கொடை' என்று ஒரு வரி. பீரோவின் அடித்தட்டில் பத்துப் பெட்டிகளும் இருந்தன. எண்ணிக்கை சரி. ஆனால் எட்டுப் பெட்டிகளில் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. திறந்திருந்த இரண்டில் பேட்டரிகள் கசிந்து, பேட்டரி அறையின் சுருள்கம்பிகளில் பச்சை பூத்திருந்தது.

தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் அந்தப் பெட்டிகளைப் பள்ளிக்கு வழங்கிய நாளின் புகைப்படம் மாட்டியிருந்தது. அதில் நடுவில் நின்று பெட்டியைக் கையில் ஏந்தியிருந்த சிறுவன் அப்போது பிளஸ் 2 முடிக்கும் தறுவாயில் இருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "போட்டோவுக்காகக் கையில கொடுத்தாங்க டீச்சர். அப்புறம் வாங்கி உள்ள வச்சுட்டாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான்.

தணிக்கையின் கண்ணில் அந்தப் பள்ளியில் எந்தத் தவறும் இல்லை. பொருள் தொலையவில்லை, உடையவில்லை. அந்த மாணவனுக்கு மட்டும் பள்ளிக்காலம் முடிந்துவிட்டது.

இப்படி நடப்பதற்கு ஆசிரியர்களின் சோம்பல்தான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காரணங்கள் வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டி ஏன் மார்ச் மாதத்தில் வருகிறது?

இன்று நம் பள்ளிகளுக்கு வரும் அறிவியல் கருவிகளில் கணிசமான பங்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 135, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் கல்வியும் உண்டு. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. எனவே ஜனவரி, பிப்ரவரியில் தொலைபேசி அழைப்பும், மார்ச்சில் வேனும் வருவது இயல்பு. நமக்கோ அது செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் நடக்கும் காலம். பெட்டியைப் பிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பிறகு கோடை விடுமுறை. ஜூனில் திறக்கும்போது பயிற்சி பெற்ற ஆசிரியர் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போயிருப்பார். ஓராண்டு உத்தரவாதத்தில் கால் பங்கு கரைந்திருக்கும்.

கொடுப்பவரின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் ஒன்றல்ல. இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். "பணத்தை மார்ச்சுக்குள் செலவிட்டுக்கொள்ளுங்கள், பயிற்சியை ஜூன் மாதத்தில் வையுங்கள்" என்று ஒருமுறை கேட்டேன். மறுக்கவே இல்லை. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்கள்.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்துக்குப் பிறகு முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் கொடுப்பது ஒரு முறைக்குள் வந்திருக்கிறது. ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016 முதல் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்காக வருகின்றன. அதில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை என்பதில் ஏறத்தாழ பாதி, கருவி வாங்குவதற்கு அல்ல, ஐந்தாண்டு நடத்துவதற்கு. இந்தப் பங்கீடு கவனிக்கத்தக்கது. கருவியின் விலை அளவுக்கு அதை ஓட்டும் செலவும் இருக்கிறது என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொள்கிறது. தனியார் நன்கொடையில் இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் இருப்பதில்லை. பத்து ரோபோ வரும். அடுத்த ஆண்டுக்கான பேட்டரி வராது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பள்ளி விஷயத்தில் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் நான் கேட்பது: உதிரிபாகம் கடையில் தனியாகக் கிடைக்குமா? சில நிறுவனங்களின் கிட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். வண்ண வண்ண மூடிகள், ஒடித்துப் பொருத்தும் இணைப்புகள். ஆனால் அந்த இணைப்பு அவர்களுடைய பலகைக்கு மட்டுமே பொருந்தும். ஒரு கம்பி அறுந்தால் கிட் முழுவதும் முடங்கும். ஆர்டுயினோ போன்ற திறந்த வடிவமைப்புப் பலகைகள் 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அதே போல் செய்து விற்கலாம் என்பதால் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மாற்றுப் பலகை கிடைக்கிறது. பளபளப்பு குறைவுதான். ஆனால் மூன்றாம் ஆண்டிலும் ஓடும்.

அடுத்து, மென்பொருள். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியதா, இணையம் இல்லாமல் இயங்குமா, பள்ளிக் கணினியில் நிறுவ யாருடைய அனுமதியும் கடவுச்சொல்லும் வேண்டும் என்பவற்றைக் கருவி வரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தா முடிந்த மறுநாள் திறக்காத கிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி ஒரே ஓர் ஆசிரியருக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அறிவியல் ஆசிரியருடன் கணித ஆசிரியரோ கணினிப் பயிற்றுநரோ, கூடவே நான்கு மாணவர்களும் உட்காரட்டும். ஆசிரியர் மாறிப்போகலாம், எட்டாம் வகுப்பு மாணவர் இன்னும் இரண்டு ஆண்டாவது இருப்பார்.

கிட் எத்தனை என்பது கடைசிக் கேள்விதான். இருபது கிட்டுக்குப் பதில் எட்டு கிட்டும், மீதிப் பணத்துக்கு உதிரிபாகமும் மல்டிமீட்டர்களும் கேட்டு வாங்கிய பள்ளி ஒன்று எனக்குத் தெரியும். அங்கே எட்டும் ஓடுகின்றன.

முதல் வாரம்

பெட்டியைப் பிரித்ததும் ரோபோ செய்யத் தொடங்கிவிடாதீர்கள். பலகையைக் கணினியோடு இணைத்து, அதிலேயே இருக்கும் சிறு விளக்கைச் சிமிட்டச் செய்யும் நிரல் ஒன்று உண்டு. அது ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் பெரும்பாலும் ஓடாது. 'கிட் ரிப்பேர்' என்று பெட்டியை மூடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு காரணங்களைச் சோதியுங்கள். ஒன்று, யு.எஸ்.பி. கம்பி. கைபேசியோடு வரும் மலிவான சில கம்பிகளில் மின்சாரத்துக்கான இரண்டு இழைகள் மட்டுமே இருக்கும். தகவலுக்கான இழைகள் இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கோ பலகை இருப்பதே தெரியாது. கம்பியை மாற்றினால் சரியாகிவிடும். தகவல் போகும் கம்பிகளில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டாவது, மலிவு விலைப் பலகைகளில் கணினியோடு பேசுவதற்கு சி.எச்.340 என்ற சில்லு இருக்கும். சில கணினிகளில் அதற்கான இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் இழந்தோம்.

பிறகு மோட்டார். மாணவர்கள் செய்யும் முதல் காரியம், மோட்டாரின் இரு கம்பிகளை நேராகப் பலகையில் செருகுவது. யூனோ ஆர்3 வகைப் பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுப்பதே பாதுகாப்பு. 40 என்பது தாண்டக்கூடாத எல்லை. கிட்டில் வரும் மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டார், சும்மா சுழலும்போதே இதைப் போல் பல மடங்கு கேட்கும். சக்கரம் சிக்கி நின்றால் இன்னும் அதிகம். அதனால்தான் நடுவில் மோட்டார் டிரைவர் என்ற தனிப் பலகை. பலகை கட்டளை மட்டும் இடும்; மின்னோட்டம் பேட்டரியிலிருந்து டிரைவர் வழியாக மோட்டாருக்குப் போகும். அதிகாரி கையெழுத்துப் போடுவார், மூட்டையை வேறு ஆள்தான் தூக்குவார் என்றேன். சிரித்தார்கள்; அதன் பிறகு யாரும் நேராகச் செருகவில்லை.

எல்.இ.டி.யோடு ஏன் 220 ஓம் மின்தடை போடுகிறோம் என்பதைப் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தின் முதல் கணக்காகவே வைத்துக்கொள்ளலாம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர். மேலே சொன்ன 20-க்குள் அடங்கிவிடுகிறது. ஓம் விதிக் கணக்கின் விடை தவறினால் சிவப்பு மை விழும் என்பதுதான் அதுவரை மாணவர்களின் அனுபவம். இங்கே விடை தவறினால் பொருள் எரியும். கணக்கைக் கவனமாகப் போடுகிறார்கள்.

ஓர் உணரி, மூன்று பாடவேளை

ரோபாட்டிக்ஸ் என்றாலே தனி வகுப்பு, தனி நேரம், போட்டி என்று நினைக்கிறோம். அந்த நேரம் நம் காலஅட்டவணையில் இல்லை. இருக்கும் பாடத்துக்குள் கருவியைக் கொண்டுவருவதே எனக்குத் தெரிந்த நடைமுறை. எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றை முழுமையாகச் சொல்கிறேன்.

ஏறக்குறைய எல்லாக் கிட்டிலும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி உணரி இருக்கும். இரண்டு உருண்டைக் கண்கள் வைத்தது போன்ற சிறு பலகை. ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டுத் துடிப்புகளை அனுப்புகிறது. நம் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் கேட்காது. எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியை மறு கண் வாங்குகிறது. போய்வந்த நேரத்தைப் பலகை மைக்ரோ வினாடியில் அளக்கிறது. நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் எதிரொலிக்கு எழுதும் அதே கணக்கு. நம் காது எதிரொலியைப் பிரித்துக் கேட்க 17 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். இந்த உணரிக்கு 2 சென்டிமீட்டர் போதும். எதிரொலி கேட்க மலையடிவாரத்துக்குப் போக முடியாத பள்ளிக்கு இது பெரிய வசதி.

வராந்தாவில் மீட்டர் அளவுகோல்களை வரிசையாக வைத்து, ஓர் அட்டையை 50, 100, 200 சென்டிமீட்டரில் நிறுத்தி அளக்கச் சொன்னேன். கிடைத்த எண்கள் ஏறத்தாழ 48, 97, 193. "சென்சார் சரியில்லை டீச்சர்" என்று ஒரு குழு அறிவித்துவிட்டது. அடுத்த குழுவின் உணரியும் அதையே காட்டியது. எட்டு உணரியும் ஒரே மாதிரிக் கெட்டுப்போகுமா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி, அந்தப் பிழை ஒன்பதாம் வகுப்பில் படித்த சுழிப்பிழை போல் இல்லை என்றாள். சுழிப்பிழை என்றால் எல்லா அளவிலும் ஒரே அளவு குறைய வேண்டும். இங்கே 50-இல் 2, 100-இல் 3, 200-இல் 7 என்று தூரம் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. வெர்னியர் அளவியை எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறேன். சுழிப்பிழையையும் விகிதப் பிழையையும் ஒரு மாணவி தானாகப் பிரித்துச் சொன்னது எனக்கு அதுவே முதல் முறை.

தூரத்தோடு சேர்ந்து பிழையும் பெருகுகிறது என்றால், பெருக்கும் எண் தவறாக இருக்க வேண்டும். நிரலைத் திறந்தோம். ஒலியின் வேகம் மைக்ரோ வினாடிக்கு 0.034 சென்டிமீட்டர், அதாவது வினாடிக்கு 340 மீட்டர் என்று இருந்தது. பாடநூலைத் திறந்தோம். 0 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.61 மீட்டர் கூடும். வராந்தாவில் தொங்கிய வெப்பமானி 34 காட்டியது. கணக்குப் போட்டால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 352 மீட்டர். ஒலி உண்மையில் வேகமாகப் போய்த் திரும்பிவிடுகிறது. பழைய வேகத்தை வைத்துப் பெருக்கினால் தூரம் குறைவாகத்தான் வரும். நிரலில் 0.034-ஐ 0.0352 என்று மாற்றினார்கள். 100-க்கு 100 வந்தது.

340 என்ற எண் எந்த வெப்பநிலைக்குச் சரி என்று திருப்பிக் கணக்குப் போட்டோம். 15 டிகிரிக்குக் கிட்டத்தட்ட. "அப்போ இந்த நிரல் ஊட்டியில எழுதினது" என்றான் ஒருவன். உண்மையில் அது வழக்கமாகப் பலரும் எழுதும் ஒரு சுருக்கம்தான். ஆனாலும் அவன் சொன்னதை நான் திருத்தவில்லை. மார்கழியில் காலை முதல் பாடவேளையில் பழைய நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். 98-க்கு மேல் காட்டியது.

ஒலியியல் பாடத்தில் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பு என்பது ஒரு வரிச் சூத்திரம். இரண்டு மதிப்பெண். அந்த ஒரு வரிக்கு மூன்று பாடவேளை செலவழித்தேன் என்பதை மறைக்கவில்லை. பாடத்திட்டம் முடிக்க ஒரு சனிக்கிழமை கூடுதலாக வர வேண்டியிருந்தது. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. பருவத்துக்கு ஒன்று செய்யலாம்.

உணரியை வைத்து அவர்களாகச் செய்துபார்த்தவையும் உண்டு. அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் அளவு தாறுமாறாகிறது. எதிரொலி வேறு பக்கம் போய்விடுகிறது. மடித்த துப்பட்டாவை நிறுத்தினால் சில நேரம் எதுவுமே இல்லாதது போல் காட்டுகிறது. துணி ஒலியை உட்கொள்கிறது. திரையரங்குச் சுவரில் ஏன் மெத்தென்ற பலகை ஒட்டுகிறார்கள் என்பதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எரிந்த டப்பா

இப்போது பயத்தைப் பற்றி. ஆசிரியர்களைப் பீரோவைப் பூட்ட வைப்பது இருப்புப் பதிவேடு. 'ரோபாட்டிக்ஸ் கிட் – 10' என்று ஒரே வரியில் எழுதினால், ஒரு கிட்டில் ஓர் எல்.இ.டி. எரிந்தாலும் அது குறைபட்ட கிட். எதிரே என் கையெழுத்து. அப்படியிருக்க எந்த ஆசிரியர் மாணவரிடம் கொடுப்பார்?

தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, பிரித்து எழுதினோம். கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டார் டிரைவர், மல்டிமீட்டர் ஆகியவை நிலையான பொருள்கள். எல்.இ.டி., மின்தடை, ஜம்பர் கம்பி, பேட்டரி ஆகியவை வேதியியல் ஆய்வகத்தின் அமிலமும் லிட்மஸ் தாளும் போல நுகர்பொருள்கள். உணரிகளையும் சிறு மோட்டார்களையும் எதில் சேர்ப்பது என்பதில் விவாதம் வந்தது. மீயொலி உணரி கடையில் நூறு ரூபாய் அளவுக்குத்தான். கடைசியில் பழுதானால் காட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று குறிப்பெழுதிச் சேர்த்தோம். லிட்மஸ் தாள் தீர்ந்துபோனதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை என்று நான் சொன்னதுதான் கூட்டத்தில் எடுபட்டது.

எரிந்தவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுகிறோம். கூடவே ஒரு சீட்டு: தேதி, பொருள், எப்படி எரிந்தது. மாணவரின் பெயர் எழுதுவதில்லை. 'பேட்டரியை மாற்றிச் செருகியது', '5 வோல்ட் முனையையும் தரையிணைப்பையும் தொட வைத்தது' என்றுதான் சீட்டுகள் சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் புதுக் குழுவுக்கு முதல் வகுப்பு அந்த டப்பாவைக் கொட்டி வைத்துத்தான். அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது டப்பாவையே காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுச் சீட்டில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிரிட்டனில் 2016-இல் பிபிசி, வேறு நிறுவனங்களோடு சேர்ந்து மைக்ரோபிட் என்ற சிறு பலகையை ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 11, 12 வயதுக் குழந்தைகள். பள்ளிக்கு அல்ல, ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக. வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நம்மால் அந்த அளவு முடியாது. ஆனால் வெள்ளி மாலை ஒரு பலகையை ஒரு குழுவுக்கு நூலகப் புத்தகம் போலப் பதிவு செய்து கொடுத்து, திங்கள் காலை வாங்கலாம். இரண்டு ஆண்டாகச் செய்கிறோம். இதுவரை ஒரு கம்பி குறைந்திருக்கிறது.

திருப்புளி யார் கையில்?

இருபாலர் பள்ளியில் ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ஐந்து பேர் குழுவில் மாணவர்கள் திருப்புளியைப் பிடித்துக்கொள்வார்கள். மாணவிகள் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதுவார்கள், படம் வரைவார்கள், கண்காட்சியில் விளக்கம் சொல்வார்கள். யாரும் தடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிடுகிறது. விருந்தினர் வரும்போது மாணவிகள் நன்றாகப் பேசுவதைப் பார்த்து நானே மகிழ்ந்திருக்கிறேன். ஒருநாள் ரோபோ நின்றுவிட்டபோது, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மாணவி மூடியைத் திறக்கத் தெரியாமல் திரும்பி மாணவர்களைப் பார்த்தாள். அன்றுதான் உறைத்தது.

இப்போது குழு மூன்று பேர்தான். இணைப்பவர், நிரல் எழுதுபவர், அளந்து பதிபவர். ஒவ்வொரு வகுப்பிலும் வேலை மாறும். முதல் மாதத்தில் மட்டும் மாணவிகளுக்குத் தனிக் குழு வைத்தேன். இதைச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. என் அனுபவத்தில் அது உதவியது.

பேட்டரி, மே மாதம், எலி

ரோபோ புறப்பட்டு, துள்ளி, நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நிரலைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். பேட்டரியைப் பாருங்கள். கிட்டோடு வரும் செவ்வக 9 வோல்ட் பேட்டரி சிறு மின்னோட்டத்துக்கானது. அதன் அகமின்தடை அதிகம். மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து, பலகை அணைந்து மீண்டும் எழுகிறது. மல்டிமீட்டரை மாட்டிக் காட்டினேன். 9-க்கு அருகில் நின்ற எண், மோட்டார் ஓடியதும் 6-க்கும் கீழே விழுந்தது. மோட்டாருக்கு நான்கு பென்டார்ச் செல்களைத் தொடரிணைப்பில் போடுவது மேல். முடிந்தால் மீண்டும் மின்னேற்றக்கூடிய செல்களையும் மின்னேற்றியையும் நன்கொடையாளரிடமே கேட்டு வாங்குங்கள்.

லித்தியம் செல்கள் வந்தால் மின்னேற்றும் பொறுப்பு ஆசிரியருடையது மட்டுமே. உப்பியது, அடிபட்டது எதையும் பயன்படுத்தக்கூடாது. இரவு முழுக்க மின்னேற்றிவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. விடுமுறைக்கு முன் பாதியளவு மின்னேற்றத்தில் கழற்றி வையுங்கள். முழுவதும் தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் அது பெரும்பாலும் பிழைக்காது.

சாதாரண செல்களை ஏப்ரல் கடைசி வேலை நாளில் எல்லாக் கருவியிலிருந்தும் கழற்றிவிடுங்கள். ரோபோ மட்டுமல்ல, மல்டிமீட்டர், சுவர்க் கடிகாரம், தொலையியக்கி எல்லாவற்றிலிருந்தும். நுண்ணோக்கி நன்கொடையாக வந்திருந்தால் அதன் வில்லைகளில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அப்புறம் எலி. கம்பியின் உறையை அது எவ்வளவு விரும்புகிறது என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றிவிட்டோம்.

கொடுத்தவருக்கு ஒரு கடிதம்

விழா முடிந்ததும் கொடுத்தவருக்கும் பள்ளிக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மாணவர்களே எழுதட்டும். என்ன செய்தோம், எது எரிந்தது, எது பயன்படவே இல்லை என்பதை உள்ளபடி எழுதலாம். எங்களுக்கு வந்த கிட்டில் குரலைக் கேட்டு இயங்கும் ஒரு பாகம் இருந்தது. எங்கள் மாணவர் பேச்சு அதற்குக் கடைசிவரை புரியவில்லை. அதையும் எழுதினோம். பதிலாக அடுத்த ஆண்டு ஜம்பர் கம்பிகளும் உணரிகளும் அஞ்சலில் வந்தன. விழா இல்லை, புகைப்படம் இல்லை.

அந்த உணரிகளில் ஒன்று இப்போது பள்ளியின் மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது. தண்ணீர் தீர்ந்துபோவது தெரியாமல் கழிப்பறையில் மாணவிகள் சிரமப்படுகிறார்கள். தொட்டி காலியாகும் முன் தலைமை ஆசிரியர் அறையில் விளக்கு எரிந்தால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதில் தொடங்கியது. முதல் உணரி ஈரத்தில் துருவேறி இரண்டே வாரத்தில் போனது. இரண்டாவதைத் தொட்டியின் ஓரத்தில் மாட்டியதால், ஒலி பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி, தொட்டி எப்போதும் நிறைந்தே இருப்பதாகச் சொன்னது. மூன்றாவதாக நீர்புகாத வகை ஒன்றை வாங்கினோம். அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அளக்காது என்பதால் மூடிக்கு மேல் ஒரு துண்டு பி.வி.சி. குழாய் வைத்து உயர்த்தி, நடுவில் மாட்டியிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை விளக்கு எரிந்தது. மோட்டார் போடப் போன காவலர், தொட்டியில் நிஜமாகவே தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். முதல் இரண்டு உணரிகளும் சீட்டோடு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.